டி.வி.ஐ., எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளேபோர்ட்: மலையகத்து மேசைக்கு எது பொருந்தும்?

கடந்த ஐப்பசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தகப்பனும் உயர்தரம் படிக்கும் அவருடைய மகனும் ஹட்டனில் நான் கணினி வகுப்பு நடத்தும் அறைக்கு வந்தார்கள். உரப் பையால் சுற்றிய பழைய மொனிட்டர் ஒன்று தகப்பனின் தோளில் இருந்தது. மகன் தன் சட்டைக்குள், கணினியிலிருந்து திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை நனையாமல் வைத்திருந்தான். மொனிட்டரின் வி.ஜி.ஏ. கேபிளை கார்டில் பொருத்துவதற்காக அவர்கள் ஒரு சிறிய அடாப்டரும் வாங்கியிருந்தார்கள். அது ஏறவில்லை. “சேர், ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கு, ஆனா ஏறமாட்டேங்குது” என்றான் அந்தப் பையன்.

அடாப்டரையும் கார்டையும் விளக்கின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டும் டி.வி.ஐ. வகை முனைகள்தான். இரண்டிலும் மூன்று வரிசைகளில் 24 ஊசிகளுக்கான அமைப்பு இருந்தது. அவற்றின் ஓரத்தில் தட்டையான ஓர் அலகும் இருந்தது. ஆனால் அடாப்டரில் அந்தத் தட்டை அலகைச் சுற்றி மேலே இரண்டும் கீழே இரண்டுமாக மேலும் நான்கு ஊசிகள் இருந்தன. கார்டிலோ அந்த நான்கிற்கும் துளைகள் இல்லை. அந்த நான்கையும் வெட்டிவிட்டால் ஏறாதா என்று தகப்பன் கேட்டார். ஏறாது, அடாப்டரின் தட்டை அலகும் சற்று அகலமானது. ஏறினாலும் படம் வராது. ஏனென்றால் வி.ஜி.ஏ. மொனிட்டருக்குத் தேவையான பழைய வகை மின் அலைச் சமிக்ஞையின் நிறங்கள் அந்த நான்கு ஊசிகளின் வழியாகவே செல்கின்றன. நான்கும் உள்ளது டி.வி.ஐ.-ஐ, இல்லாதது டி.வி.ஐ.-டி, அதாவது எண்முறைச் சமிக்ஞையை மட்டும் தருவது. 2016 முதல் வந்த என்விடியா 10 வரிசைக் கார்டுகளில் டி.வி.ஐ. இருந்தாலும் அது இந்த இரண்டாவது வகைதான்.

அன்று முதல், கார்ட் வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் மொனிட்டரின் முதுகைத்தான் பார்க்கச் சொல்கிறேன். கார்டை மூன்று நான்கு வருடங்களில் மாற்ற நேரிடலாம்; மொனிட்டரோ பத்து வருடங்கள் மேசையில் இருக்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் அது பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து, இரண்டாம் கையாக வந்ததாகவும் இருக்கும். ஆகவே எந்தப் போர்ட், அதாவது கேபிள் செருகும் வாய், உயர்ந்தது என்று கேட்பதைவிட, இந்த மொனிட்டரை அதன் முழு அளவில் இயக்க எந்தப் போர்ட் போதும், அதற்கு இடையில் எத்தனை மாற்றிகள் தேவை என்று கேட்பதே சரியான கேள்வி. இடையில் மாற்றி எதுவும் வராத வழி ஒன்று இருந்தால், மற்றவை எவ்வளவு புதியவையாக இருந்தாலும் நான் அந்த வழியையே எடுப்பேன்.

வி.ஜி.ஏ. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1987 இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த அந்த 15 ஊசி முனை, குழாய்த் திரைகளின் காலத்துக்குரியது. தட்டைத் திரையில் அதைப் பயன்படுத்தும்போது, கார்ட் எண்களாக வைத்திருக்கும் படத்தை மின் அலையாக மாற்றி அனுப்ப, மொனிட்டர் அதை மீண்டும் எண்களாக மாற்றுகிறது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் இடையில் எழுத்துகளின் ஓரம் மங்குகிறது. மொனிட்டரில் வி.ஜி.ஏ. மட்டுமே இருந்தால், எச்.டி.எம்.ஐ. இலிருந்து வி.ஜி.ஏ. ஆக மாற்றும் சிறிய கருவியை வாங்கலாம். அதனுள் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. வெறும் கம்பியை மட்டும் கொண்ட கேபிள் இந்த வேலையைச் செய்யாது.

அந்தப் பையனின் மொனிட்டரைத் திருப்பிப் பார்த்தபோது, வி.ஜி.ஏ. முனைக்குப் பக்கத்தில் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் மூடியொன்று இருந்தது. நகத்தால் நெம்பியதும் கழன்று வந்தது. உள்ளே, தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் யாரும் தொடாத டி.வி.ஐ. போர்ட், ஊசித் துளைகள் மினுங்கியபடி இருந்தது. அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்டு விற்பனைக்கு வரும் மொனிட்டர்கள் பலவற்றில் இதே நிலைதான். வி.ஜி.ஏ. கேபிளோடு வருவதால் வி.ஜி.ஏ. மட்டுமே இருக்கிறது என்று வாங்குபவர் நம்பிவிடுகிறார்.

டி.வி.ஐ. 1999 இல் வந்தது. இன்று புதிய கார்டுகளில் அது அரிதாகிவிட்டது என்பதால் அதைக் கழித்துவிடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒற்றை இணைப்பு டி.வி.ஐ. விநாடிக்கு 165 மில்லியன் படப்புள்ளிகள் வரை கொண்டுசெல்லும். 1920 க்கு 1080 அளவுள்ள திரையை விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்க, ஓர இடைவெளிகளையும் சேர்த்து 148.5 மில்லியனே தேவை. அதாவது இங்குள்ள பெரும்பாலான மேசைகளில் இருக்கும் மொனிட்டரை அது முழுமையாக இயக்கிவிடும். அந்த அளவில் டி.வி.ஐ. வழியாக வரும் படத்துக்கும் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக வரும் படத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இராது. கையால் முறுக்கும் இரண்டு திருகுகள் அதன் முனையில் இருப்பதும் எனக்குப் பிடித்த விடயம்; சிறுவர் ஓடி விளையாடும் ஒற்றை அறையில், கேபிள் காலில் இடறினாலும் முனை கழன்றுவிடாது.

அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கேபிளைப் பொருத்தினால் படம் மட்டுமே வரும் என்று வைத்துக்கொண்டு, ஒலிக்கு வேறு வயர் இழுக்கத் தயாராக இருப்பது நல்லது. 2560 க்கு 1440 அளவுள்ள திரைக்கு ஒற்றை இணைப்புப் போதாது, இரட்டை இணைப்பு வேண்டும். ஆகவே கேபிளின் முனையில் நடுப்பகுதியின் ஆறு ஊசிகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. யும் டி.வி.ஐ. யும் ஒரே முறையில் சமிக்ஞை அனுப்புவதால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற வெறும் கம்பி அடாப்டரே போதும். ஆனால் அந்த அடாப்டர் ஒற்றை இணைப்பை மட்டுமே தரும். இரட்டை இணைப்பு டி.வி.ஐ. யை மட்டும் நம்பியிருக்கும் 27 அங்குலப் பழைய மொனிட்டரை மலிவாகக் கண்டு வாங்குபவர், புதிய கார்டின் எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் அதைச் சாதாரண அடாப்டரோடு பொருத்தி, முழு அளவு வரவில்லையே என்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குச் சில்லுள்ள, விலை கூடிய மாற்றி வேண்டும்; அந்தப் பணத்தையும் மொனிட்டரின் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டால் மலிவு என்பது மறைந்துவிடும்.

எச்.டி.எம்.ஐ. 2002 இன் இறுதியில் வந்தது. தொலைக்காட்சிக்காகப் பிறந்து கணினிக்கும் வந்த முனை அது. 19 ஊசிகளுக்குள் படமும் ஒலியும் சேர்ந்தே செல்கின்றன. இன்று இலங்கையில் எந்தச் சிறு நகரத்துக் கடையிலும் அதன் கேபிள் கிடைக்கும். கேபிள் பழுதடைந்த அன்றே மாற்ற முடிவது ஒரு பெரிய வசதி. கணினிக்கு என்று தனியாக மொனிட்டர் வாங்காமல் வீட்டுத் தொலைக்காட்சியையே திரையாக்கும் குடும்பங்களுக்கு நடைமுறையில் இதைத் தவிர வேறு வழியும் இல்லை, ஏனென்றால் வீட்டுத் தொலைக்காட்சிகளில் டிஸ்ப்ளேபோர்ட் வைப்பது மிக அரிது.

இந்த முனையின் சிக்கல், வெளித்தோற்றம் மாறாமல் உள்ளே பல தலைமுறைகள் இருப்பதுதான். 2009 இல் வந்த 1.4 பதிப்பு, 4கே (3840 க்கு 2160) படத்தை விநாடிக்கு 30 தடவை மட்டுமே புதுப்பிக்கும். 2013 இல் வந்த 2.0, விநாடிக்கு 18 ஜிகாபிட் தரவைக் கொண்டுசென்று 4கே படத்தை 60 தடவை புதுப்பிக்கும். 2017 இல் வந்த 2.1 இன் உச்சம் 48 ஜிகாபிட். 1.4 மட்டுமே உள்ள ஜி.டி. 710 போன்ற மலிவான கார்டில் 4கே தொலைக்காட்சியைப் பொருத்தினால் படம் வரத்தான் செய்யும். ஆனால் சுட்டியை நகர்த்தும்போது அது சேற்றில் நடப்பதுபோல இழுபட்டு நகரும். கார்ட் பழுது என்று நினைக்க வேண்டாம். அது 30 தடவையில் இயங்குகிறது, அவ்வளவுதான். 4கே ஐ விட்டு 1080 க்கு இறங்கினால் அதே கார்ட் 60 இல் ஓடும். எழுத்துவேலைக்கும் இணையவழிப் பாடத்துக்கும் அதுவே போதும்.

தொலைக்காட்சியை மொனிட்டராக்கும்போது வரும் இன்னொரு குறை, போர்ட்டினால் வருவதல்ல. ஆனாலும் பழி போர்ட்டின் மீதுதான் விழுகிறது. திரையின் நான்கு ஓரங்களும் வெட்டுப்பட்டு, கீழேயுள்ள பட்டி பாதி மறைந்திருக்கும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள் கரைந்ததுபோலத் தெரியும். தொலைக்காட்சி, வருவது திரைப்படம் என்று எண்ணிக்கொண்டு படத்தைச் சற்றுப் பெருப்பித்து, நிற விபரங்களையும் குறைத்துக் காட்டுகிறது. தொலைக்காட்சியின் பட்டியலில் அந்தப் போர்ட்டுக்குக் கணினி என்ற பெயரைத் தெரிவு செய்தாலோ, படத்தைப் பெருப்பிக்கும் அமைப்பை நிறுத்தினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். இதைச் செய்து பாராமல் புதிய கேபிள் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கேபிளைப் பொறுத்தவரை, தங்க முலாம், தடித்த உறை, பெரிய பெட்டி ஆகியவை படத்தின் நிறத்தைக் கூட்டுவதில்லை. எண்முறைச் சமிக்ஞை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும். சேராவிட்டால் திரையில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் மினுங்கும், அல்லது இரண்டு விநாடி இருண்டு மீளும். இந்த இரண்டு அறிகுறிகளும் கேபிளையோ அதன் நீளத்தையோ சந்தேகிக்க வேண்டியவை. டியூசன் வகுப்பில் மேசையிலிருந்து கூரையிலுள்ள புரொஜெக்டருக்கு 10 மீற்றர் இழுப்பவர், 1080 அளவில் நல்ல எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றோடு பெரும்பாலும் சமாளித்துவிடலாம். 4கே 60 இல் அதே நீளத்தை எதிர்பார்க்கக் கூடாது. கேபிளில் 2.1 என்று எழுதியிருப்பதை நம்பாமல், அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற சான்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 48 ஜிகாபிட்டுக்கு உறுதி தருவது அந்தப் பெயர்தான்.

டிஸ்ப்ளேபோர்ட் கணினிக்காகவே பிறந்தது. திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வேசா அமைப்பு 2006 இல் வெளியிட்ட இந்த 20 ஊசி முனையின் ஒரு மூலை மட்டும் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். முனையைத் தலைகீழாகச் செருக முடியாது. 2010 இல் வந்த 1.2 பதிப்பே 4கே படத்தை 60 தடவை புதுப்பித்தது, எச்.டி.எம்.ஐ. அந்த நிலைக்கு வர மேலும் மூன்று வருடங்கள் எடுத்தன. ஆகவே இரண்டாம் கைச் சந்தையில் ஒரே வயதுள்ள கார்டுகளைப் பார்க்கும்போது, டிஸ்ப்ளேபோர்ட்டின் பக்கமே கொள்ளளவு கூடியிருக்கக் காண்பீர்கள். 144 தடவை புதுப்பிக்கும் மொனிட்டர் வைத்திருப்போருக்கு இது நேரடியாகப் பயன்படும். அப்படிப்பட்ட பழைய மொனிட்டர்கள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. வழியாக 144 வராது. டிஸ்ப்ளேபோர்ட்டில் பொருத்தி, பிறகு விண்டோஸ் அமைப்புக்குள் போய் 60 என்றிருப்பதை 144 என்று கையால் மாற்றினால் வரும். இந்தக் கடைசிப் படியைச் செய்யாமலே வருடக்கணக்கில் 60 இல் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரே போர்ட்டிலிருந்து இரண்டு மொனிட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்ப்பதும் 1.2 முதல் இயலும், முதல் மொனிட்டரில் வெளியேறும் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால். திருமண அல்பம் வடிவமைக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு இது உதவும். உபுண்டு போன்ற லினக்ஸ் இயக்குதளமும் ஏ.எம்.டி. கார்டும் வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கார்டை இயக்கும் திறந்த மூல மென்பொருளில் எச்.டி.எம்.ஐ. 2.1 ஐ நடைமுறைப்படுத்த ஏ.எம்.டி. முன்வைத்த திட்டத்தை, அந்தத் தரத்தை வகுக்கும் எச்.டி.எம்.ஐ. ஃபோரம் ஏற்கவில்லை என்பது 2024 இல் வெளிவந்தது. உயர்ந்த வேகம் வேண்டுமானால் அவர்களுக்கு டிஸ்ப்ளேபோர்ட்டே நம்பிக்கையான வழி.

டிஸ்ப்ளேபோர்ட்டில் பணத்தை வீணாக்கும் தவறு, திசை தவறுவதுதான். கார்டில் டிஸ்ப்ளேபோர்ட்டும் மொனிட்டரில் எச்.டி.எம்.ஐ. யும் இருந்தால், மலிவான கேபிள் ஒன்றே போதும். கார்டின் போர்ட் தானே எச்.டி.எம்.ஐ. மொழியைப் பேசிக்கொள்ளும். ஆனால் கார்டில் எச்.டி.எம்.ஐ. யும் மொனிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட்டும் இருந்தால், அதே கேபிளை மறுபுறம் திருப்பிச் செருகிப் பயனில்லை. கேபிள் இரு முனைகளிலும் இறுக்கமாகப் பொருந்தும், படம் மட்டும் வராது. அந்தத் திசைக்கு மின்சாரம் எடுத்து இயங்கும் மாற்றி வேண்டும். மற்றொன்று, இந்த முனையின் மேற்பக்கத்திலுள்ள சிறு கொக்கி. அதை விரலால் அழுத்தியபடி இழுத்தால்தான் கழலும். கோபத்தில் இழுத்துக் கார்டின் போர்ட்டையே பெயர்த்தெடுத்த சம்பவம் ஒன்றை என் மேசையிலேயே கண்டேன், அதைத் திருத்த முடியவில்லை. மிக மலிவான சில கேபிள்களில், இணைக்காமல் விடவேண்டிய 20 ஆம் ஊசியையும் இரு முனைகளிலும் இணைத்துவிடுகிறார்கள். மொனிட்டரின் மின்சாரம் அதன் வழியே கார்டுக்குள் திரும்பிவந்து, கணினி ஒழுங்காக எழும்பாமல் அடம்பிடிக்கும். கேபிளைக் கழற்றியதும் கணினி எழும்புமானால், பழுது கார்டில் இல்லை.

மடிக்கணினி மட்டும் வைத்திருப்போருக்கு யூ.எஸ்.பி. சி வழி உண்டு. ஆனால் அந்த நீள்வட்டப் போர்ட் இருப்பதாலேயே படம் வரும் என்றில்லை. பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட்டின் சின்னமோ தண்டர்போல்டின் மின்னல் சின்னமோ இருந்தால் நம்பலாம். எதுவும் இல்லையென்றால் அந்த மொடலின் விபரத்தைப் பார்த்துவிட்டே கேபிளுக்குப் பணம் கொடுங்கள்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்துபவை. எங்கள் மலைகளுக்கென்று தனியாகச் சில இருக்கின்றன, அவற்றை எந்தக் கேபிள் பெட்டியிலும் எழுதியிருக்கக் காணவில்லை. லயன் வீடுகள் பலவற்றில் சுவர் பிளக்குக்கு எர்த் ஒழுங்காக இல்லை. எர்த் இல்லாத கணினியின் உலோகப் பெட்டியில், மின்வழங்கியின் வடிகட்டியிலிருந்து கசியும் மின்சாரம் நிற்கும். விரலின் புறத்தால் தடவினால் சுரசுரவென்று உணரலாம். அந்த நிலையில், கூரையிலுள்ள டிஷ்ஷோடு கம்பியால் இணைந்திருக்கும் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகினால், அந்தக் கசிவு கேபிளின் வழியாகப் பாய்ந்து கார்டின் போர்ட்டையோ தொலைக்காட்சியின் போர்ட்டையோ ஒரே நொடியில் கொன்றுவிடக்கூடும். இப்படி இறந்த எச்.டி.எம்.ஐ. போர்ட்டுகளை நான் பல தடவை கண்டிருக்கிறேன். பெரும்பாலும் கார்டின் மற்றப் போர்ட்டுகள் உயிரோடிருக்கும், எச்.டி.எம்.ஐ. மட்டும் போயிருக்கும். ஆகவே கணினி, தொலைக்காட்சி இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றி, டிஷ் கம்பியையும் எடுத்துவிட்டு, எச்.டி.எம்.ஐ. யைப் பொருத்தி, அதற்குப் பிறகே மற்றவற்றைச் செருகுங்கள். சித்திரை மாதத்து மாலைகளிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கத் தொடங்கியதும் டிஷ் கம்பியைத் தொலைக்காட்சியிலிருந்து கழற்றி வையுங்கள். மின்னல் அந்தக் கம்பியால் வந்து எச்.டி.எம்.ஐ. வழியாகக் கணினிக்குள் நுழைய வழி இருக்கிறது. எர்த் சரியில்லாத வீட்டில், தொலைக்காட்சியோடு இணைக்காமல் தனி மொனிட்டர் வைத்து, கணினி, மொனிட்டர் இரண்டையும் ஒரே பிளக் பலகையில் செருகுவது எச்.டி.எம்.ஐ. யா டிஸ்ப்ளேபோர்ட்டா என்ற தெரிவைவிட முக்கியமானது.

பனியும் ஈரமும் அடுத்தவை. நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்த கணினிகளின் பயன்படுத்தாத போர்ட்டுகளில் பச்சை பூத்திருப்பதைக் காணலாம். அந்தக் கறுப்பு மூடிகளைக் கழற்றினால் எறிந்துவிடாமல், சும்மா இருக்கும் போர்ட்டில் மீண்டும் போடுங்கள். தங்க முலாம் உண்மையில் உதவுவது இந்த இடத்தில்தான்.

இனி நான் எதைத் தெரிவு செய்வேன் என்று சொல்கிறேன். 1080 மொனிட்டர் ஒன்றும் பாடவேலையும் மட்டும் என்றால், மொனிட்டரிலும் கார்டிலும் பொதுவாக இருக்கும் எதையும் எடுப்பேன், டி.வி.ஐ. இருந்தால் டி.வி.ஐ., ஒலியும் வேண்டுமென்றால் எச்.டி.எம்.ஐ. 144 தடவை மொனிட்டர், 2560 க்கு 1440 திரை, இரண்டு மொனிட்டர்கள் என்றால், டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள கார்டைத் தேடுவேன், எச்.டி.எம்.ஐ. ஒன்று கூடவே இருந்தால் போதும். 4கே தொலைக்காட்சிக்கு எச்.டி.எம்.ஐ. 2.0 க்குக் குறைந்த கார்டை வாங்கமாட்டேன். டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் நான்கு கொண்ட அலுவலகக் கார்ட் மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுப்பேன், ஏனென்றால் அதிலிருந்து எச்.டி.எம்.ஐ. க்கும் ஒற்றை இணைப்பு டி.வி.ஐ. க்கும் சிறிய செலவில் இறங்கிவரலாம். எதிர்த்திசையில் ஏறுவதுதான் கடினம்.

அந்தப் பையன் டி.வி.ஐ.-டி கேபிள் ஒன்றோடு வீடு திரும்பினான். கார்டில் மீதமிருந்த எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் மொனிட்டரின் கறுப்பு மூடி பொருந்தவில்லை. அதற்கு ஒரு ரப்பர் மூடி தேடிக் கொடுத்தேன். கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கார்ட் வாங்க எண்ணியிருப்போர், புறப்படும் முன் மொனிட்டரைத் திருப்பி, மூடிகளையும் கழற்றி, ஒவ்வொரு போர்ட்டையும் கைபேசியில் கிட்டவைத்துப் படமெடுத்துக்கொண்டு போங்கள். நான்கு சிறிய துளைகள் இருக்கின்றனவா, இல்லையா என்பது அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். தவறான கேபிளை மாற்ற ஹட்டனிலிருந்து மறுபடியும் இறங்கிப் போவதென்றால் ஒரு முழு நாள் போய்விடும்.